பாடப் புத்தகத்துக்கு வெளியே படித்த படிப்பு

மூணாறிலிருந்து போடிநாயக்கனூர் போகும் தேசிய நெடுஞ்சாலையில், சின்னக்கானலை ஒட்டிப் பிரிந்து போகும் மலைப்பாதையில் இருக்கிறது சூரியநெல்லி. இடுக்கி ஜில்லா, உடும்பன்சோலை தாலுகாவைச் சேர்ந்த ஊர். அங்கிருந்து ஜீப்பில் ஏறினால் கொழுக்குமலை. அந்தத் தேயிலைத் தோட்டம் இருப்பது தமிழ்நாட்டின் தேனி ஜில்லாவில். ஆனால் வண்டிப்பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். எல்லைக் கோடு வரைபடத்தில் ஒருவிதமாக இருக்கும், மனிதர்கள் நடமாட்டம் வேறுவிதமாக இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. எஸ்டேட் லயங்களில் பேச்சு பெரும்பாலும் தமிழ். இந்த வட்டாரத்தில் தமிழ் மீடியப் பள்ளிகள் உண்டு, கேரள எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளும் தமிழில் அச்சாகிறது.

சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் வேலை நிமித்தம் இந்தப் பக்கம் பலமுறை போயிருக்கிறேன். அங்குள்ள ஆசிரியர்கள் சொல்லும் விஷயம் ஒன்று எப்போதும் மனதில் நிற்கும். ஒரு பையனோ பெண்ணோ பத்தாம் வகுப்புக்குப் பிறகும் படிப்பைத் தொடர்வார்களா என்பதை மார்க் ஷீட்டை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூடத்தில் மேளம் அடித்தவன், பேச்சுப்போட்டிக்குப் போனவள், கால்பந்து ஆடியவன் ஆகியோர்தான் பெரும்பாலும் விடாமல் வருகிறார்கள் என்பார்கள். விஞ்ஞானம் படித்தவனுக்கு இப்படிப்பட்ட கூற்றைக் கேட்டால் உடனே ஒரு சந்தேகம் எழும். இது அனுபவமா, அபிப்பிராயமா? யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா? ஓய்வு பெற்றபின் கிடைத்த நேரத்தில் இதைப் பற்றிப் படித்ததையும் யோசித்ததையும் நமது உறுப்பினர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நம் வீடுகளில் மார்க்குக்குக் கொடுக்கும் இடம் எவ்வளவு பெரிது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆகவே இது நமக்குச் சம்பந்தமுள்ள விஷயம்தான்.

1957: எர்ணாகுளத்தில் ஓர் ஆரம்பம்

1956 நவம்பர் 1-ஆம் தேதி கேரள மாநிலம் உருவாயிற்று. திருவிதாங்கூர், கொச்சி, மலபார் என்று மூன்று விதமான நிர்வாகத்தில் வளர்ந்த பள்ளிப் பிள்ளைகளை ஒரே மேடையில் சேர்ப்பது எப்படி என்ற கேள்வி எழுந்தது. அப்போது பொதுக்கல்வி டைரக்டராக இருந்தவர் டாக்டர் சி.எஸ். வெங்கடேஸ்வரன். மத்தியக் கல்வி அமைச்சராக இருந்த மௌலானா ஆசாத்தின் ஆர்வத்தால் டில்லியில் நடந்த பல்கலைக்கழக மாணவர் கலைவிழாவைப் பார்த்துவிட்டு வந்தவர், இதே மாதிரி பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஏன் நடத்தக்கூடாது என்று நினைத்தார். டெபுடி டைரக்டர் ராமவர்ம அப்பன் தம்புரானும், தலைமை ஆசிரியர் கணேச ஐயரும் கைகொடுத்தார்கள். 1957 ஜனவரியில், எர்ணாகுளம் எஸ்.ஆர்.வி. பள்ளியில் முதல் யுவஜனோத்ஸவம் நடந்தது. மாநிலம் பிறந்து மூன்று மாதம்கூட நிறையவில்லை. பங்கேற்ற பிள்ளைகள் சில நூறு பேர்தான்.

கோப்பில் குறிப்பு எழுதிப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். கமிட்டி போட்டு, அறிக்கை வாங்கி, நிதித்துறைக்கு அனுப்பி என்று காத்திருந்தால் அந்த விழா நடந்திருக்குமா என்பது சந்தேகம். இன்று சுமார் 250 இனங்களில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பங்குகொள்ளும் கேரள ஸ்கூல் கலோத்ஸவத்தின் விதை அதுதான்.

இரண்டாவது விழா 1958-ல் திருவனந்தபுரத்தில் நடந்தது. அந்த வருஷம் சாஸ்திரீய சங்கீதத்தில் முதலிடம் பெற்ற பையன் கே.ஜே. யேசுதாஸ். மிருதங்கத்தில் முதலிடம் பி. ஜெயச்சந்திரன். ஒருவர் பாட மற்றவர் மிருதங்கம் வாசிக்கும் அந்தப் பழைய புகைப்படம் பிரசித்தம். பிறகு நடந்ததுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். யேசுதாஸ் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. சங்கீத அகாடமியில் சேர்ந்து கானபூஷணம் பட்டம் பெற்றார். ஜெயச்சந்திரனோ இரிஞ்ஞாலக்குடா கிறிஸ்து கல்லூரியில் விலங்கியல் படித்துப் பட்டதாரியாகி, வேலைக்காகச் சென்னைக்குப் போனார். மிருதங்கம் வாசித்த கை சோதனைச் சாலையிலும் வேலை செய்தது. பாட்டு பிறகுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. 1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தின் பாட்டுகளால் தமிழர்களுக்கும் அவர் சொந்தக்காரரானார். 2025 ஜனவரி 8-ஆம் தேதி 63-வது கலோத்ஸவம் திருவனந்தபுரத்தில் முடிவடைந்தது. மறுநாள் 9-ஆம் தேதி ஜெயச்சந்திரன் திருச்சூரில் காலமானார்.

பாலக்காட்டுக்காரர்களுக்கு இன்னோர் உதாரணமும் உண்டு. மஞ்ஞப்பிராவில் 1923-ல் பிறந்த எம்.டி. ராமநாதன், தகப்பனாரிடம் சங்கீதம் கற்றுக்கொண்டே பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அதன் பிறகே கலாக்ஷேத்திரம் சென்று டைகர் வரதாச்சாரியாரிடம் சேர்ந்தார். சங்கீதம் அவர் பௌதிகத்தைக் கெடுக்கவில்லை. பௌதிகமும் சங்கீதத்துக்கு இடைஞ்சல் செய்யவில்லை. அவருடைய விளம்ப காலத்தைக் கேட்பவர்களுக்கு அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று தோன்றாமல் இருக்காது.

ஆனால் மூன்று பெரிய மனிதர்களின் வாழ்க்கையை வைத்து ஒரு விதியை நிலைநாட்ட முடியாது. வென்றவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு எப்போதும் சாதகமாகவே வரும். ஆகவே அளந்தவர்களிடம் போவோம்.

அளந்து பார்த்தவர்கள்

அமெரிக்காவில் வாரன் வில்லிங்ஹாம் என்பவர் கல்லூரி வெற்றிக்கு எந்தெந்தக் குணங்கள் காரணம் என்று ஒரு பெரிய ஆய்வை நடத்தி 1985-ல் புத்தகமாக வெளியிட்டார். ஒன்பது கல்லூரிகளில் சேர்ந்த சில ஆயிரம் மாணவர்களை, விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து கல்லூரிப் படிப்பு முழுவதும் பின்தொடர்ந்த ஆய்வு அது. விண்ணப்பத்தில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட தகவல்களை அலசினார்கள். பள்ளி மார்க்கும் நுழைவுத் தேர்வு மார்க்கும்தான் படிப்பில் வெற்றியை முன்கூட்டிச் சொல்வதில் முதலிடம் பெற்றன. அதில் ஆச்சரியம் இல்லை. அவற்றுக்கு அடுத்தபடியாக எல்லாவற்றையும் விடத் தெளிவாக நின்றது ஒரே ஒரு குணம்: எடுத்துக்கொண்ட ஒன்றை விடாமல் பல வருஷம் செய்து, அதில் படிப்படியாக முன்னேறியது. அது நாடகமா, பந்தாட்டமா, பள்ளிப் பத்திரிகையா என்பது முக்கியமில்லை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பத்து போட்டிகளில் பெயர் கொடுத்தவனுக்கு இந்தப் பலன் சேரவில்லை. ஒன்றிலோ இரண்டிலோ ஊன்றி நின்றவனுக்குத்தான் சேர்ந்தது. ஏஞ்சலா டக்வொர்த் 2016-ல் எழுதிய 'கிரிட்' என்ற புத்தகத்தில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார். கல்லூரிக்குப் போகவிருந்த 1,200 மாணவர்களின் பள்ளிக்கால ஈடுபாட்டுக்கு ஆறுக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டு, இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தார்கள். ஆறுக்கு ஆறு பெற்றவர்களில் 69 சதவீதம் பேர் கல்லூரியில் நீடித்தார்கள். பூஜ்யம் பெற்றவர்களில் நீடித்தவர்கள் 16 சதவீதம் மட்டுமே.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது 1997-ல் மஹோனி, கெய்ர்ன்ஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு. ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை 392 பிள்ளைகளைக் கவனித்தார்கள். பள்ளியின் புறப்பாட நடவடிக்கைகளில் சேர்ந்தவர்கள் படிப்பைப் பாதியில் விடுவது குறைந்திருந்தது. அதிலும், விட்டுவிடும் அபாயம் அதிகம் இருந்த பிள்ளைகளிடம்தான் இந்த நன்மை மிக அதிகமாகத் தெரிந்தது. சூரியநெல்லிப் பக்கத்து ஆசிரியர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. எப்படியும் படிக்கப்போகிற பிள்ளைக்கு மேடை ஓர் அலங்காரம். நின்றுவிடக்கூடிய பிள்ளைக்கு அது பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கே ஒரு காரணம்.

எச்சரிக்கையும் தேவை. இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு நடன டீச்சரும் கிடைப்பார், டியூஷன் மாஸ்டரும் கிடைப்பார். இயல்பாகவே விடாப்பிடியுள்ள குழந்தை வீணையையும் விடாது, கணக்கையும் விடாது. மேடை அந்தக் குணத்தை உண்டாக்குகிறதா, இருப்பதை வெளிக்காட்டுகிறதா என்று இந்த ஆய்வுகளால் அறுதியிட்டுக் கூற முடியாது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்பது என் அபிப்பிராயம். எதுவானாலும், மார்க் சொல்லாத ஒன்றை அது சொல்கிறது என்பது நிச்சயம்.

மார்க்காக மாற்றினால் வரும் சங்கடம்

'இவ்வளவு நல்ல விஷயமென்றால் அதற்கும் மார்க் போட்டுவிடலாமே' என்று தோன்றும். சரித்திரம் இங்கேதான் நம்மைக் கொஞ்சம் நிறுத்துகிறது.

ஏ. லக்ஷ்மணசாமி முதலியார் தலைமையில் 1952-ல் அமைந்த இடைநிலைக் கல்விக் கமிஷன், 1953-ல் தந்த அறிக்கையில் புறப்பாட நடவடிக்கைகள் கல்வியின் அங்கமே என்று சொன்னது. ஒவ்வொரு மாணவனுக்கும் பள்ளியில் தொடர் பதிவேடு ஒன்று வைத்து, கடைசி மதிப்பீட்டில் அதற்கும் இடம் தரவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நல்ல யோசனை. நடைமுறையில் என்ன ஆயிற்று?

தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரி அனுமதிக்கு நேர்முகத் தேர்வு இருந்த காலம் மூத்த உறுப்பினர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு 75 மார்க். விளையாட்டு அல்லது என்.சி.சி., புறப்பாடச் சேவைகள், உடல் திடம், பொதுத் திறமை, மருத்துவப் படிப்புக்கான நாட்டம் என்று ஐந்து தலைப்புகள். பெரியகருப்பன் வழக்கில் 1970-ல் உச்சநீதிமன்றம் இதை ஆராய்ந்தது. ஐந்து தலைப்புகளிலும் தனித்தனியாக மார்க் போடவேண்டியிருக்க, தேர்வுக் குழுக்கள் எல்லாவற்றையும் சேர்த்து மொத்தமாக ஒரு எண்ணைப் போட்டிருந்தன. இது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் கண்டது. பரீட்சையில் ஒரு மார்க், இரண்டு மார்க்கில் தலையெழுத்து மாறும் இடத்தில், சில நிமிஷப் பேச்சுக்கு 75 மார்க் என்றால் பெற்றோர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

வெளிநாட்டிலும் இதே கதை. ஜெரோம் காரபெல் 2005-ல் எழுதிய சரித்திரத்தில் விவரமாகச் சொல்கிறார்: 1920-களில் ஹார்வர்டு முதலிய பெரிய பல்கலைக்கழகங்கள் மார்க்கைத் தவிர நடத்தை, தலைமைப் பண்பு, விளையாட்டு என்றெல்லாம் கேட்க ஆரம்பித்ததற்கு ஒரு முக்கியக் காரணம், நன்றாக மார்க் வாங்கி வந்த யூதப் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. அளவுகோல் கண்ணுக்குத் தெரியாததாக இருந்தால், அளப்பவரின் விருப்பு வெறுப்பு அதில் புகுந்துவிடும். மார்க்கைத் தவிர வேறு சொத்து இல்லாத குடும்பங்கள் மார்க்கையே நம்பியதற்கு நியாயம் இருக்கிறது. நம் குடும்பங்களும் அப்படித்தான் நம்பி ஊர் ஊராகப் போயின. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

கேரளத்தில் வேறுவிதமான சங்கடம் வந்தது. கலோத்ஸவத்தில் கிரேடு பெற்றவர்களுக்குப் பொதுத்தேர்வில் கிரேஸ் மார்க் என்று ஏற்பட்டதும், கலை மேடையில் கணக்குப் புத்தகம் ஏறிவிட்டது. 1986 முதல் தரப்பட்ட கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்களுக்கு வேறு போட்டி. நடுவர் தீர்ப்பை எதிர்த்து அப்பீல், கோர்ட், லோகாயுக்தா என்று பிள்ளைகளும் பெற்றோர்களும் அலைந்தார்கள். ஆடைக்கும் ஆபரணத்துக்கும் குருவுக்கும் செய்த செலவு நடுத்தரக் குடும்பத்துக்கே தாங்காது. எஸ்டேட் தொழிலாளியின் பெண் எங்கே போவாள்? பட்டங்கள் 2006 வாக்கில் நிறுத்தப்பட்டன. கோவிட் காலத்தில் நின்றிருந்த கிரேஸ் மார்க் 2023-ல் குறைக்கப்பட்ட அளவில் திரும்ப வந்தது. மாநில அளவில் ஏ கிரேடுக்கு 20 மார்க் என்று ஆயிற்று. எஸ்.எஸ்.எல்.சி.யில் கிரேஸ் மார்க் வாங்கியவருக்குப் பிளஸ் ஒன் சேர்க்கையில் அதே காரணத்துக்காக மறுபடி போனஸ் கிடையாது என்றும் திருத்தினார்கள். ஒரே தேங்காயை இரண்டு சந்நிதியில் உடைக்க முடியாது என்ற நியாயமான ஏற்பாடு.

மலையிலிருந்து வந்த ஆட்டம்

இவ்வளவு குறைகளுக்கு நடுவிலும் அந்த விழா தன்னைத் திருத்திக்கொண்டு வருகிறது என்பதையும் சொல்லியாகவேண்டும். மலையாளம், சமஸ்கிருதம், இந்தி, அரபி முதலியவற்றோடு தமிழில் செய்யுள் ஒப்பித்தல், தமிழ்ப் பேச்சு ஆகியவையும் அதில் போட்டி இனங்கள். பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் தமிழ் மீடியம் பிள்ளைகளை மேடையேற்றுவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

2025 ஜனவரி விழாவில் முதன்முறையாக ஐந்து பழங்குடி நடனங்கள் போட்டியில் சேர்ந்தன. மங்கலம்களி, பணிய நிருத்தம், இருள நிருத்தம், பளிய நிருத்தம், மலைப்புலையர் ஆட்டம் என்பவை அவை. இந்த ஐந்தில் மூன்று நம் எல்லைப் பக்கத்தைச் சேர்ந்தவை. இருளர் பாலக்காடு அட்டப்பாடியில் வாழ்பவர்கள். தேசிய விருது பெற்ற பாடகி நஞ்சியம்மா அவர்களில் ஒருவர். பளியர் குமுளிப் பக்கத்திலும், மலைக்கு இந்தப்புறம் தேனி, திண்டுக்கல் ஜில்லாக்களிலும் இருக்கிறார்கள். மலைப்புலையர் மறையூர், காந்தளூர் மலைகளைச் சேர்ந்தவர்கள். இவர்கள் பேச்சில் தமிழ் வாடை தூக்கலாக இருக்கும். அதுவரை தன் வீட்டு ஆட்டம் பள்ளிக்கூடத்துக்கு ஆகாத ஒன்று என்று நினைத்திருக்கக்கூடிய குழந்தை, அதையே ஆடி மார்க் வாங்கலாம் என்று ஆகிவிட்டது. மஹோனியும் கெய்ர்ன்ஸும் சொன்ன 'நின்றுவிடக்கூடிய பிள்ளை' இந்தக் குழந்தைதான்.

அந்த விழாவில் திருச்சூர் 1,008 புள்ளிகளோடு தங்கக் கோப்பையை வென்றது. பாலக்காடு 1,007. ஒரே ஒரு புள்ளி! நம் ஊர்க்காரர்களுக்கு அது ஆறாத குறைதான்.

பெரிய கல்வி நிலையங்களும் இப்போது இந்த வழிக்கு வருகின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2024-25-ல் விளையாட்டில் சிறந்தவர்களுக்கும், 2025-26-ல் நுண்கலையில் சிறந்தவர்களுக்கும் பி.டெக். படிப்புகளில் தனி இடங்களை ஏற்படுத்தியது. ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு இடம், அதில் ஒன்று பெண்களுக்கு. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வின் தரவரிசையில் இடம்பெற்றிருந்தால்தான் இதற்கு மனுப் போடலாம். முதலில் தகுதி, பிறகு கலை. 1970 தீர்ப்பு சுட்டிய கோளாறுக்கு இது ஒரு மாற்று: கலைக்கான கணக்கைத் தனியாக, எல்லோருக்கும் தெரிந்த விதிப்படி, சான்றிதழ்களை வைத்துப் போடுகிறார்கள். யாரோ நாலு பேரின் சில நிமிஷ அபிப்பிராயத்துக்கு அங்கே வேலை இல்லை.

நாம் செய்யக்கூடியது

இத்தனையும் எழுதியதற்குக் காரணம் உண்டு. நமது சங்கத்தின் கிளைகள் பல ஊர்களில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பரிசும் கல்வி உதவித்தொகையும் வழங்குகின்றன. மார்க் பட்டியலை இறங்கு வரிசையில் அடுக்கி, மேலேயிருந்து இத்தனை பேர் என்று கோடு போடுவது வழக்கம். சுலபமான முறை, தகராறும் வராது. ஆனால் 98 சதவீதம் வாங்கிய பிள்ளைக்கு நம் பணம் இல்லாவிட்டாலும் கல்லூரி கிடைத்துவிடும். 78 வாங்கிக்கொண்டு, சமையல் வேலைக்குப் போகும் தகப்பனாருக்குக் கூடமாட ஒத்தாசை செய்துகொண்டு, ஆறு வருஷமாக விடாமல் மிருதங்கம் கற்கும் பையன் இருக்கிறான். வில்லிங்ஹாம் கணக்குப்படி, கல்லூரியில் கடைசிவரை நிற்கக்கூடியவன் அவன். நம் உதவி போய்ச் சேரவேண்டிய இடமும் அதுதான்.

ஆகவே ஒரு சிறு யோசனை. மொத்த உதவித்தொகையில் நாலில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்கலாம். குடும்ப வருமானத்துக்கு ஒரு வரம்பு, பரீட்சைக்கு ஒரு குறைந்தபட்ச மார்க், அதோடு ஏதாவது ஒரே துறையில் குறைந்தது மூன்று வருஷம் விடாமல் ஈடுபட்டதற்குப் பள்ளியோ குருவோ தரும் அத்தாட்சி: இந்த மூன்றும் போதும். வேதபாடசாலைக்கு மாலையில் போய் வருவதும், சதுரங்கமும், என்.சி.சி.யும், மிருதங்கமும் சமமாகவே எண்ணப்படட்டும். எத்தனை கோப்பை என்று கேட்கவேண்டாம், எத்தனை வருஷம் என்று கேட்போம். விதியை முன்கூட்டியே இதழில் அச்சிட்டுவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

வீட்டளவில் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு வந்ததும் பாட்டு கிளாஸையும் விளையாட்டையும் நிறுத்திவிடுவது நம்மிடையே ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. மேலே சொன்ன ஆய்வுகள் பலன் தருவதாகக் காட்டியது ஆரம்பித்ததை அல்ல, தொடர்ந்ததை. வாரத்துக்கு ஐந்து மணி நேரத்தை இரண்டு மணியாகக் குறைத்துக்கொள்ளலாம். அடியோடு நிறுத்தவேண்டாம். பொதுத்தேர்வு வருஷத்திலும் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வர்ணம் பாடினால் எந்தக் கல்லூரியும் கைநழுவிப் போய்விடாது.

இந்த யோசனையை அடுத்த செயற்குழுவில் வைக்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். பல ஊர்களிலும் உள்ள உறுப்பினர்கள் தங்கள் கிளையில் இம்மாதிரி ஏதேனும் நடைமுறை இருந்தால் ஆசிரியருக்கு எழுதித் தெரிவிக்கலாம். உதவித்தொகை விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி கூடுதலாகச் சேர்ப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.